என் பெயரில் ஒரு மாடு

பண்ணை விடுதி,
வலப்பனை.
20.01.2024

அன்புள்ள சுலக்ஷனா,

என் நம்பரை நீ அடைத்துவிட்டாய் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. மலையில் சிக்னல் இல்லை என்றுதான் நினைத்தேன். பிறகு பக்கத்து அறை ஆளின் போனில் எடுத்துப் பார்த்தேன். உடனே எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிரிக்காதே.

மாட்டுப் பொங்கலுக்கு நீ இங்கே வருவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தலவாக்கலையிலிருந்து பஸ் மாறி மாறி, தூக்குச்சட்டியில் பொங்கலோடு வந்து நின்றாய். பண்ணை மாடுகளுக்கும் ஒரு வாய் கொடுக்கலாம் என்று கொண்டுவந்ததாகச் சொன்னாய். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? கை கழுவிவிட்டு வருவதற்குள் உன் முகம் மாறிவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய். சட்டியைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

ரினோஸா மிஸ்ஸோடு நான் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் கோபமா? மாடு அவருடைய சட்டை நுனியை மென்றுவிட்டது. அதற்குத்தான் சிரித்தோம். அவர் படித்த டாக்டர், மாட்டுத் தீனியில் ஆராய்ச்சி செய்கிறவர். நான் மாடு பார்க்கிற ஆள். நம் ஆட்களைப் போல் தமிழ் பேசுவதால் கொஞ்சம் கலகலப்பாக இருக்கிறோம், வேறு ஒன்றுமில்லை.

அந்த மாட்டை உனக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. விலாவில் வட்டமாக வெட்டி, ரப்பர் வளையம் பொருத்தி, மூடி போட்டிருக்கிறார்களே, அதை நாங்கள் ஜன்னல் என்போம். தின்ற தீனி வயிற்றுக்குள் எப்படிச் செரிக்கிறது என்று அதன் வழியாகக் கையை விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வலி இல்லை. புல் தின்றுகொண்டே நிற்கும். நீ அதைப் பார்த்துப் பயந்துவிட்டாயோ?

எதுவானாலும் சொல்லிவிடு. பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

உன்,
துஷாந்த்

---

தலவாக்கலை
27.01.2024

துஷாந்த் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்தது. கண்டாக்கு ஐயா அதைக் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக்கொடுக்கிற நேரத்தில், அத்தனை பேர் கூடி நிற்கும்போது நீட்டினார். "ஒம் புருசன் லவ் லெட்டர் போட்டிருக்கான், வாங்கிக்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். சாயங்காலம்வரை பிரிக்கவில்லை.

சிரித்ததற்காக ஒருத்தி பொங்கல் சட்டியைத் திறக்காமல் திரும்பிப் போவாளா? உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா, அல்லது தெரியாத மாதிரி எழுதியிருக்கிறீர்களா?

நான் பட்டி வாசலுக்கு வந்தபோது அந்த டாக்டரம்மா தோள்வரைக்கும் கையுறை மாட்டிக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கவில்லை. "செல்லி, வாம்மா. செல்லி, கொஞ்சம் அசையாம நில்லு" என்றது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நீங்கள் என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தேன்.

மாடு வந்தது.

அந்தம்மா மூடியைத் திறந்து, முழங்கை மறையும்வரை கையை அதன் வயிற்றுக்குள் விட்டது. நீங்கள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு "ஒண்ணுமில்ல செல்லி, ஒண்ணுமில்ல" என்று தடவிக்கொடுத்தீர்கள்.

செல்லி என்று என்னைப் பெற்றவள்கூடக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில் நீங்கள் வைத்த பெயர். ஒட்டிக் கட்டின லயத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்று காதுக்குள் மட்டும் சொல்கிற பெயர். அதை எடுத்து ஒரு மாட்டுக்கு வைத்தீர்கள். வைத்த மாடும் எது? யார் வேண்டுமானாலும் வந்து மூடியைத் திறந்து கையை விடுகிற மாடு. அந்தப் பெயரைச் சொல்ல அந்தம்மாவுக்கும் பழக்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்கு மேல் என்ன எழுத? நம் வீட்டுக் கறுப்பி மாட்டின் கன்று நன்றாக இருக்கிறது. மற்றபடி நான் சுகம்.

சுலக்ஷனா

---

வலப்பனை
03.02.2024

அன்புள்ள சுலக்ஷனா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் பட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்படி ஓர் அர்த்தம் வரும் என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை.

இங்கே மாடுகளுக்குப் பெயர் கிடையாது. காதில் நம்பர் மட்டும்தான். அந்த மாடு லொறியில் வந்து இறங்கிய அன்று தீனி வைத்தால் தொடவில்லை. நான் பக்கத்தில் போனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் போனால் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. கோபம் வந்தால் நீ செய்கிற மாதிரியே. எனக்குச் சிரிப்பு வந்து, "என்ன செல்லி, இன்னும் கோவமா?" என்று கேட்டுவிட்டேன். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத இடத்தில் உன்னை நினைத்துச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. கேவலப்படுத்தவேண்டும் என்றா வைப்பேன்?

நான் மிஸ்ஸிடம் விசயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "எனக்குத் தெரியாதே துஷாந்த், நீங்க முந்தியே சொல்லியிருக்கணும்" என்றார். இனி யாரும் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நானும் சொல்வதில்லை.

பெயர் போய்விட்டது. இனி என் போன் நம்பரைத் திறந்துவிடு.

துஷாந்த்

---

தலவாக்கலை
14.02.2024

துஷாந்த் அவர்களுக்கு,

அதையும் போய் அந்தம்மாவிடம் சொன்னீர்களா?

உங்கள் பெண்டாட்டிக்கு ஒரு மாட்டின் மேல் பொறாமை என்று நீங்கள் சொன்னபோது, அந்தம்மா எப்படிச் சிரித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுக்குள் நடப்பது எல்லாம் இப்படித்தான் அங்கே பேச்சாகிறதா? எனக்கும் உங்களுக்கும் பேச விசயமே இல்லை என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பீர்கள். அங்கேயானால் பேச்சும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

ஆமாம், பொறாமைதான். ஏன் என்று கேளுங்கள்.

போன ஆடியில் நம் பிள்ளை வயிற்றிலேயே போனபோது என்னை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். பெரிய டாக்டர் வந்தார். அவர் பின்னால் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தர் மாறி ஒருத்தர் கையை விட்டுப் பார்த்தார்கள். "பாக்கலாமா?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இங்கிலீசிலும் சிங்களத்திலும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் தெரிந்த முகம் ஏதாவது வாசலில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். நீங்கள் வரவில்லை. அந்த மாட்டுக்கு வயிற்றில் வெட்டின புண் பிரிந்துவிட்டது, விட்டுவிட்டு வர முடியாது என்று போனில் சொன்னீர்கள். அதற்குப் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தீர்களாம். நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்த மாட்டை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதன் வயிற்றுக்குள் ஒருத்தி கை விடுவதை நான் வாசலில் நின்று பார்த்தேனே, எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இன்னொரு விசயம். கறுப்பி போட்டது காளைக்கன்று என்பது உங்களுக்குத் தெரியும். பால் எடுக்க வருகிற அழகன் அண்ணன் தினமும் கேட்கிறார். "காளக்கன்ன வச்சி என்ன பண்ணப்போறீங்க? எங்கிட்ட தள்ளிவிடுங்க" என்கிறார். அதுவும் பாலில் பாதியைக் குடித்துவிடுகிறது. என்ன செய்ய?

சுலக்ஷனா

---

வலப்பனை
22.02.2024

அன்புள்ள சுலக்ஷனா,

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ இதுவரை என்னிடம் சொல்லவே இல்லை. நீ சுகமாக இருப்பதாக நர்ஸ் போனில் சொன்னதை நம்பினேன். அன்றைக்கு நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன், வேண்டுமானால் கோபித்துக்கொள். அங்கே வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, வாசலில் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாட்டுக்கு என்னால் ஏதாவது செய்ய முடிந்தது. புண்ணைத் துடைக்கலாம், ஈ விரட்டலாம். வாசலில் நிற்பதுதான் உனக்கு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மிஸ் சிரிக்கவில்லை. அதை மட்டும் நம்பு.

பெயரை விட்டதிலிருந்து அந்த மாடு என்னிடம் வருவதில்லை. நம்பரைச் சொன்னால் அதற்கு என்ன தெரியும்? கம்பிக்குப் பக்கத்தில் வந்து, காதை நிமிர்த்திக்கொண்டு காத்து நிற்கிறது. நான் வாயைத் திறக்காமல் தீனியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உனக்குச் சந்தோசமாக இருக்குமென்று எழுதவில்லை. நடப்பதை எழுதுகிறேன்.

கன்றை அழகனிடம் கொடுக்காதே. அவன் அதை எங்கே கொண்டுபோவான் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நாம் மாட்டிறைச்சி தின்பதில்லை. ஆனால் நம் பட்டியில் பிறந்ததைத் தின்ன அனுப்புவதா? நான் வரும்வரை வைத்திரு. ஏதாவது யோசிப்போம்.

துஷாந்த்

---

தலவாக்கலை
05.03.2024

துஷாந்த் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கன்று போய்விட்டது.

"கொடுக்காதே" என்று எழுதுவது சுலபம். வறட்சியில் மலையெல்லாம் காய்ந்து கிடக்கிறது. கொழுந்து எடுத்துவிட்டு வந்து ஒரு மாட்டுக்குப் புல் அறுப்பதே பெரும்பாடு. பால் தராத காளைக்கு யார் அறுப்பது? நீங்களா? நீங்கள் அங்கே வயிற்றில் ஓட்டை போட்ட மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டு, இங்கே என்னைப் பாவம் செய்யாதே என்கிறீர்கள். நீங்கள் தேத்தண்ணியில் பால் ஊற்றிக் குடிக்காத ஆள் மாதிரி.

சரி, அதை விடுங்கள். யார் வந்தது தெரியுமா? உங்கள் மிஸ்.

பால் சேர்க்கிற இடத்துக்குத் தீனி மூட்டை கொடுக்க ஜீப்பில் வந்ததாம். கேட்டுக்கொண்டு நேரே லயத்துக்கே வந்துவிட்டது. நான் மலையிலிருந்து வந்த கோலத்தில், கொழுந்துக் கறை கையோடு நின்றேன். அது வெள்ளை முக்காடு போட்டு, மணிக்கட்டில் கடிகாரம் கட்டி, பார்க்க லட்சணமாக இருந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"நீங்கதானா துஷாந்த்ட மனைவி?" என்றது.

"ஆமா. ரெண்டு கால் செல்லி நான்தான்" என்றேன்.

அதற்கு முகம் சிவந்துபோனது. "எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் பேரச் சொல்லியிருக்கவே மாட்டேன். மன்னிச்சிக்கோங்க" என்றது.

"பேரு கெடக்கட்டும் மிஸ். வயித்துல ஓட்டை போட முந்தி, அதுக்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

"அதுக்கிட்ட எப்படிக் கேக்கிறது?"

"கேக்க முடியாதுன்னா செஞ்சிரலாமா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தம்மா கோபப்படவில்லை. படிக்கல்லில் உட்கார்ந்துகொண்டது.

"எங்க வாப்பா ஹட்டன்ல இறைச்சிக் கடை வச்சிருந்தவர்" என்று சொல்ல ஆரம்பித்தது. "ஆட்டுக்குத் தண்ணி காட்டாம அறுக்க மாட்டார். ஒரு ஆடு பாத்திட்டிருக்க இன்னொண்ட அறுக்க மாட்டார். கத்தியக்கூட அதுட கண்ணுக்குக் காட்ட மாட்டார். இவ்வளவு யோசிக்கிற மனிசன் ஏன் அறுக்கிறார் எண்டு நான் சின்னதுல யோசிப்பேன். இப்ப நானும் அப்படித்தான். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வெட்டினது. புண் ஆறும்வரைக்கும் ஆள் வச்சிப் பாத்தது. ஆனா சரியா பிழையா எண்டு நீங்க கேட்டா, எனக்கு இன்னும் பதில் தெரியாது."

பிறகு பட்டிப் பக்கம் பார்த்து, "உங்கட மாடு பால் சேர்க்கிற இடத்தில குடுக்கிற மூட்டைத் தீனி சாப்பிடத் தொடங்கின பிறகு பால் கூடியிருக்கா?" என்று கேட்டது.

கூடித்தான் இருக்கிறது. வறட்சியிலும் குறையவில்லை. உங்களுக்கு நான் சொல்லவில்லை.

"அந்தத் தீனி அதுட வயித்தப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சது" என்றது அந்தம்மா.

நான் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். பால் ஊற்றுவதற்குக் கை தயங்கியது. ஊற்றித்தான் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டது. நான் கறைக்கையை இழுத்துக்கொண்டேன்.

கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

சுலக்ஷனா

---

வலப்பனை
16.03.2024

சுலக்ஷனா,

ஒரு விசயம் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். கன்று கொடுத்த அன்று நீ அழகனின் ஆட்டோவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனதாக இங்கே வந்த நம் தோட்டத்து ஆள் ஒருவன் சொன்னான். கன்றை ஏற்றினால் அவன் கொண்டுபோக வேண்டியதுதானே. நீ ஏன் போனாய்? தினமும் காலையில் பாலுக்கு வருகிறவனுக்கு லயத்தில் என்ன அவ்வளவு நேரம்? என்னைச் சந்தேகப்பட உனக்கு உரிமை உண்டு என்றால் எனக்கும் உண்டு.

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், நீயும் பார்.

இனி முக்கியமான விசயம். ஆராய்ச்சி முடிகிறது. இந்த மாதக் கடைசியில் அந்த மாட்டுக்கு ஊசி போட்டுக் கொன்று, வயிறு, ஈரல் எல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தீனியை மாதக்கணக்கில் தின்றால் உள்ளே கெடுதல் உண்டா என்று அப்படித்தான் தெரியுமாம். ஆரம்பத்திலேயே எழுதிவைத்ததாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்று மிஸ்ஸிடம் கெஞ்சினேன். ஆராய்ச்சி மாடு பண்ணையை விட்டு வெளியே போகச் சட்டம் இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். "உங்களுக்கும் அந்தக் கத்திக்காரங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். அவர் வாப்பாவின் கடையைப் பற்றி எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன். அதற்கு அவர், "நீங்க கயித்தப் பிடிச்சா அது பயப்படாம நிக்கும். வேற யாரும் பிடிச்சா மிரளும். யோசிச்சிச் சொல்லுங்க" என்றார்.

யோசித்துவிட்டேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். போன ஆடியில் அந்த மாட்டுக்காக உன்னை விட்டேன். இந்தத் தடவை உனக்காக அதை விடுகிறேன். அன்று முழுக்க உன் பக்கத்தில் இருப்பேன். இதைத்தானே நீ கேட்டாய்?

துஷாந்த்

---

தலவாக்கலை
24.03.2024

துஷாந்த் அவர்களுக்கு,

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். ஆமாம், ஆட்டோவில் போனேன். அழகன் அண்ணன் பக்கத்தில் இல்லை, பின்னால், கன்றோடு. கயிற்றைக் கட்டி ஏற்றினதும் அது கத்தின கத்தலில் கறுப்பி பட்டிக் கட்டையை முட்டி உடைத்தது. தனியாக அனுப்ப மனது வரவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டேன். பசியில் என் விரலைச் சப்பிக்கொண்டே வந்தது. "எங்க அண்ணே கொண்டு போறீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்க தங்கச்சி. பால் விக்கிறவங்க யாரும் எங்கிட்ட இதக் கேட்டதில்ல" என்றார்.

கடைசிவரைக்கும் போகவேண்டும் என்றுதான் ஏறினேன். டவுன் முனை வந்ததும் என்னால் முடியவில்லை. "நிறுத்துங்க" என்று இறங்கிவிட்டேன். அது கழுத்தை வெளியே நீட்டி, ஆட்டோ வளைவில் மறையும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனது. இதை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சந்தேகப்பட்டதால் உங்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. சந்தேகப்பட்டது நல்லதுதான். என்மேல் உங்களுக்கும் பொறாமை வரும் என்று இப்போதுதான் தெரிகிறது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வரக்கூடாது.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் என் மனதுக்குள் ஒரு சந்தோசம் வந்தது உண்மை. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. அந்தச் சந்தோசத்தோடு சோறு ஆக்கினேன், தட்டில் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. தெரிந்த முகம் இல்லாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மாட்டுக்கு இந்த உலகத்தில் தெரிந்த முகம் உங்களுடையது ஒன்றுதான். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அது வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், உங்களை என் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன சுகம்?

நீங்கள் எனக்காக அதை விட்டுவிட்டு வந்தால், நாளைக்கு வேறு ஏதோ ஒன்றுக்காக என்னை விட்டுவிட்டுப் போவீர்கள். யாரையாவது விட்டுவிட்டு வருவதுதான் உங்களுக்குப் பழகியிருக்கிறது. ஒரு தடவையாவது கடைசிவரை நில்லுங்கள். நான் பாதியில் இறங்கினவள். நீங்கள் இறங்காதீர்கள்.

அந்தம்மாவிடம் கத்திக்காரர் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள். கன்றை ஏற்றிவிட்டவள் நான். என்னை அப்படிச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையே.

சுலக்ஷனா

---

வலப்பனை
02.04.2024

அன்புள்ள சுலக்ஷனா,

நின்றேன்.

காலையில் புளிக்க வைத்த புல்லை அள்ளி வைத்தேன். வயிறு நிறையத் தின்றது. அன்றைக்கு அதன் ஜன்னலை யாரும் திறக்கக்கூடாது என்று மிஸ் சொல்லிவிட்டார். மற்ற மாடுகளை மேலே புல்வெளிக்கு ஓட்டிவிட்டு, இதைப் பட்டிக்குப் பின்னால் கொண்டுவரச் சொன்னார். வாளியில் தண்ணீரை அவரே தூக்கி வந்து வைத்தார். ஊசி இருந்த பெட்டியைத் துணி போட்டு மூடியிருந்தார். அவர் வாப்பா ஞாபகம் எனக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டது சரியான கேள்விதான். நான் வேற யாருட கையிலயும் இத விடல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

கயிற்றைக் கழற்றிவிட்டேன். ஓடவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே காதை நிமிர்த்திக்கொண்டு என் வாயைப் பார்த்தது. உன்னிடம் கேட்க நேரமில்லை. நம்பரைச் சொல்லி ஓர் உயிரை அனுப்ப எனக்கு வரவில்லை. ஒரு தடவை உன் பெயரைச் சொன்னேன். உடனே வந்து என் நெஞ்சில் முகத்தை வைத்தது.

முதல் ஊசி தூக்கத்துக்கு. முன்னங்காலை மடித்துப் படுத்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். அதன் தலை என் மடியில் இருந்தது. மிஸ் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டாவது ஊசியைப் போட்டார். மூச்சு ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று வருமென்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "முடிஞ்சிது துஷாந்த்" என்றார்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். நீ கடைசிவரைக்கும் என்று எழுதியிருந்தாய். வெட்டி எடுத்து முடியும்வரை நின்றேன். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. தீனியால் ஒரு கெடுதலும் இல்லையாம். உன் கறுப்பிக்குத் தாராளமாகக் கொடுக்கலாமாம். எல்லோரும் நல்ல செய்தி என்றார்கள். நல்ல செய்திதான். நான் வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தேன். பக்கத்துக் குழாயில் மிஸ் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆராய்ச்சிக்கு இன்னொரு மாடு வருகிறது. அதற்கும் ஜன்னல் வைக்க வேண்டும், புண் ஆறும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். "நீங்க செய்வீங்களா?" என்று மிஸ் கேட்டார். "நீங்க இல்லாட்டியும் செய்யத்தான் போறம். ஆனா நீங்க இருந்தா அதுக்கு நல்லம்" என்றார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இதுவரைக்கும் எதையும் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்னதில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

என்ன சொல்ல?

உன்,
துஷாந்த்

---

தலவாக்கலை
08.04.2024

அன்புள்ள துஷாந்துக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இந்தத் தடவை கண்டாக்கு ஐயாவிடம் சண்டை பிடித்து, பெரட்டுக்கு முன்னாலேயே வாங்கிக்கொண்டேன்.

அதன் தலை உங்கள் மடியில் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே பொறாமையும் வந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது என் தலையை யாரும் மடியில் வைக்கவில்லையே என்று. செத்த மாட்டின் மேல் பொறாமைப்படுகிற பொம்பளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அந்தம்மா கை கழுவிக்கொண்டே இருந்ததை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அது நல்ல மனுசி. எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும்தான்.

பெயரைச் சொன்னது சரி. என்னிடம் கேட்டிருந்தால் நானும் சொல்லச் சொல்லியிருப்பேன்.

கறுப்பி முந்தாநாளிலிருந்து கத்துகிறது. கன்றைத் தேடித்தான் கத்துகிறது என்று நினைத்தேன். அழகன் அண்ணன் பார்த்துவிட்டு, "பருவத்துக்கு வந்திருச்சு தங்கச்சி. ஊசிக்காரர வரச் சொல்லவா?" என்றார். ஊசி போட்டால் சினை பிடிக்கும். கன்று போட்டால்தான் பால். கிடேரி பிறந்தால் கொஞ்சுவோம். காளை பிறந்தால் மறுபடி அதே ஆட்டோ. இதெல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன்னால் வந்து நின்றது. போன தடவை இதே கேள்விக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டே "வரச் சொல்லுங்க" என்று சொன்னவள் நான். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கறுப்பி மறுபடி பருவத்துக்கு வரும். அழகன் அண்ணன் மறுபடி கேட்பார். பால் இல்லாமலும் நமக்கு முடியாது, அதுவும் தெரியும்.

உங்களிடம் மிஸ் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. என்னிடம் அழகன் அண்ணன் ஒரு கேள்வி கேட்கிறார். என்ன சொல்ல என்று நீங்கள் எழுதிக் கேட்டதற்கு நான் எழுதிப் பதில் சொல்லமாட்டேன். சித்திரை வருசப் பிறப்புக்கு லீவு போட்டு வாருங்கள். நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போனில் இதைப் பேசக்கூடாது. என் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். நீங்கள் சுவரைப் பார்க்கக்கூடாது, நான் அடுப்பைப் பார்க்கமாட்டேன்.

கடைசியில் இரண்டு பேருமே சரி என்றுதான் சொல்வோமோ என்னவோ. அப்படிச் சொல்வதானால், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சொல்வோம்.

உங்கள்,
சுலக்ஷனா